திருப்பி அனுப்புதல்

ஆட்கொணர்வு மனு என்பது நம் சட்டத் தமிழ் உருவாக்கிய நல்ல சொற்களில் ஒன்று. லத்தீன் மூலத்தில் ‘உடல்’ என்றுதான் இருக்கிறது. தமிழில் அது ‘ஆள்’ ஆகிவிட்டது. உடலைக் கொண்டுவா என்பதைவிட ஆளைக் கொண்டுவா என்பதில் மரியாதை கொஞ்சம் கூடுதல். கொண்டுவந்து நிறுத்திய பிறகு, அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று தெரிந்தால் நீதிமன்றம் விட்டுவிடும். அதற்கு விடுதலை என்று பெயர். சட்டவிரோதம் இல்லை என்று ஆகிவிட்டால் அந்த ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தச் செயலுக்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை. ‘மனு தள்ளுபடி’ என்று செய்தித்தாள் போடும். தள்ளுபடி ஆவது மனு. திரும்பிப் போவது ஆள்.

இதைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது 2019 செப்டம்பரில். எங்கள் ஊர் பள்ளிகொண்டா. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு சுங்கச்சாவடி, அவ்வளவுதான். தொரப்பாடி சிறை இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். சின்ன வயதில் யாராவது வம்பு செய்தால் “நீ தொரப்பாடிக்குத்தான் போவ” என்று திட்டுவார்கள். அங்குள்ள பெண்கள் தனிச்சிறையில்தான் நளினி இருந்தார்.

அந்த வருடம் ஜூலை 5ஆம் தேதி நளினி சென்னை உயர் நீதிமன்றத்தில் தனக்காகத் தானே வாதாடினார். சிறையில் பிறந்த மகளின் கல்யாண ஏற்பாட்டுக்கு ஆறு மாத பரோல் கேட்டார். ஒரு மாதம் கிடைத்தது. ஜூலை 25 அன்று வெளியே வந்து சத்துவாச்சாரியில் தங்கினார். பிறகு மூன்று வாரம் நீட்டித்தார்கள். அதற்கு மேல் நீட்டிக்கவில்லை. செப்டம்பர் 15 அன்று அவர் சிறைக்குத் திரும்பினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் அத்தை வீட்டில் இருந்தார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

“தானா நடந்து போயி உள்ள உக்காந்துகிச்சாமே அந்தம்மா,” என்றார் அத்தை.

“பரோல் முடிஞ்சா போய்த்தானே ஆவணும் அத்தை.”

“அது தெரியும்பா. எங்களுக்கும்தான் கேட் பாஸ் குடுக்கறாங்க. டைம் முடிஞ்சா நாங்களும்தான் ஓடறோம். ஆனா வெளிய இருந்துட்டு உள்ள போற அந்த ஒரு நிமிசம் இருக்குது பாரு.”

அந்த ஒரு நிமிடத்தை உத்தரவில் எழுதியவர்கள் நீதிபதிகள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. விதிகள் இடம்கொடுத்த வரைக்கும் கொடுத்தார்கள். விதி நின்ற இடத்தில் நின்றார்கள். என்னை உறுத்தியது அதுதான். கெட்ட நீதிபதி திருப்பி அனுப்பினால் கோபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். நல்ல நீதிபதி சரியான காரணத்தோடு திருப்பி அனுப்பும்போது என்ன செய்வது?

*

வழக்கின் கதை ஊருக்கே தெரியும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு இன்னும் பலரும் கொல்லப்பட்டார்கள். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. அதில் நளினியும் ஒருவர். அவருடைய தண்டனை 2000ஆம் ஆண்டு ஆயுளாகக் குறைக்கப்பட்டது. குற்றத்தில் அவர் பங்கைப் பற்றிய விவாதத்துக்குள் நான் போகப் போவதில்லை. அன்று இறந்த காவலர்களின் வீடுகளில் இந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் என்ன ஆகும் என்பதையும் மறக்கவில்லை. என் கேள்வி அதற்குப் பிறகு வருகிறது.

2018 செப்டம்பர் 9 அன்று தமிழக அமைச்சரவை ஏழு பேரையும் விடுவிக்கலாம் என்று ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. அரசியலமைப்பின் 161ஆவது பிரிவில் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்பது 1980லேயே மாரு ராம் வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது. அதாவது கையெழுத்துப் போட வேண்டும், அல்லது மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் உத்திர ரங்கநாதர் படுத்திருக்கிறார், ஊருக்குப் பெயரே அதனால்தான். அந்தக் கோப்பும் அப்படித்தான் பள்ளிகொண்டது. இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து, இதை முடிவு செய்ய வேண்டியவர் குடியரசுத் தலைவர் என்ற பதில் வந்தது.

இந்த இடைவெளியில்தான் நளினி ஆட்கொணர்வு மனு போட்டார். அமைச்சரவை சொன்ன நாளிலிருந்து நான் உள்ளே இருப்பது சட்டவிரோதம் என்பது வாதம். 2020 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அவர் ஆயுள் தண்டனைக் கைதி, ஆளுநர் ஒப்புதல் தராதவரை அந்தச் சிறைவாசம் சட்டவிரோதம் ஆகாது. ஆட்கொணர்வு மனு கேட்கும் கேள்வி ரொம்பச் சின்னது. இந்த ஆளைப் பிடித்துவைத்திருக்க உன்னிடம் காகிதம் இருக்கிறதா? இருக்கிறது. காகிதத்தின் மேல் இன்னொரு காகிதம் தூங்கிக்கொண்டிருந்தால் அதை எழுப்ப இந்த மனுவுக்குக் கை நீளாது.

2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. ஆளுநர் அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டவர், அவர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதற்குச் சட்டத்தில் அடிப்படையில்லை என்று சொல்லி, முழுமையான நீதி செய்வதற்காக 142ஆவது பிரிவு தனக்குத் தந்திருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தியது. அதையே காட்டி நளினியும் ரவிச்சந்திரனும் சென்னையில் கேட்டார்கள். ஜூன் 17 அன்று தலைமை நீதிபதி முனீஷ்வர் நாத் பண்டாரி, நீதிபதி என். மாலா அமர்வு மறுத்தது. 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும். உயர் நீதிமன்றத்துக்கு 226 இருக்கிறது, ஆனால் அதில் இந்த அதிகாரம் கிடையாது.

அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். வொர்க் ஃப்ரம் ஹோம் காலம், பள்ளிகொண்டாவில் இருந்துதான் வேலை. மீட்டிங்கில் மைக்கை ம்யூட் போட்டுவிட்டுத் திட்டினேன். அதே கோப்பு, அதே அமைச்சரவை முடிவு. ஒருவருக்கு நியாயம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. இன்னொருவருக்கு அதைக் கொடுக்க ‘அதிகாரம் இல்லை’யாம். அலுவலகத்துக்கு அலுவலகம் கவுண்டரில் கேட்கிற அதே வாக்கியம்.

பிறகுதான் அந்த வாக்கியத்தை நானே எழுதியது நினைவுக்கு வந்தது.

*

சென்னையில் வேலை பார்த்த ஆரம்ப வருடங்களில் ஒரு இன்ஸூரன்ஸ் மென்பொருளுக்கு சப்போர்ட் குழுவில் இருந்தேன். ஒரு பெண்ணின் கிளெய்ம் ‘காலம் கடந்து சமர்ப்பிக்கப்பட்டது’ என்று நிராகரிக்கப்பட்டிருந்தது. கணவர் இறந்த கேஸ். கடைசி நாளுக்குள் போட்டுவிட்டேன் என்று அவர் மூன்று முறை எழுதியிருந்தார். லாக்கைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். கடைசி நாள் இரவு 10 மணி 10 நிமிடத்துக்குப் போட்டிருக்கிறார். ஆனால் எங்கள் சர்வர் சிங்கப்பூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அப்போது நள்ளிரவு தாண்டி 12:40. தேதி மாறிவிட்டது.

தேதியைத் திருத்தும் அனுமதி எனக்கு இல்லை. சீனியர் ஒருவரின் பாஸ்வேர்டு தெரியும். ஒரே ஒரு வரி, முப்பது வினாடி வேலை. நான் செய்யவில்லை. செய்யாதது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பரிதாபப்பட்டு டேட்டாபேஸில் கைவைக்கிற ஆள் நாளைக்குக் காசு வாங்கிக்கொண்டும் கைவைப்பான். அவன் இல்லாவிட்டால் அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இன்னொருவன்.

ஆனால் அந்த டிக்கெட்டில் நான் என்ன எழுதி மூடினேன்? ‘சிஸ்டம் வடிவமைக்கப்பட்டபடியே இயங்குகிறது.’ அவ்வளவுதான். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எழுதவில்லை. தவறு எங்கள் கடிகாரத்தில் என்று எழுதவில்லை. விதிவிலக்கு கொடுக்கும் அதிகாரி கிளையன்ட் பக்கம் ஒருவர் இருந்தார், அவருக்கு அனுப்புங்கள் என்றும் எழுதவில்லை. அப்படி எழுதினால் எங்கள் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகும், மேலே போய்ப் பெரிய ரகளையாகும் என்ற பயம். இரண்டு வாரம் கழித்து அந்த நேரக் குழப்பத்தைத் தனி பக் ஆகப் பதிவு செய்தேன். அடுத்த வெளியீட்டில் சரியானது. அதற்குப் பிறகு இரவு பத்து மணிக்கு கிளெய்ம் போட்டவர்கள் யாரும் பாதிக்கப்படவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை.

சட்ட வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி இருப்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. ஏ.கே. கோபாலன், 1941இல் எங்கள் வேலூர் சிறைச் சுவரைத் துளைத்துத் தப்பிய கம்யூனிஸ்ட். சுதந்திரம் வந்த பிறகும் அவரைச் சென்னை மாகாண அரசு அடைத்துவைத்திருந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே தடுப்புக்காவல் சட்டம் ஒன்று வந்தது. 1950 மார்ச் 1 அன்று, ஏற்கெனவே உள்ளே இருந்தவர் கையில் அந்தச் சட்டப்படி புதிய உத்தரவைக் கொடுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். மே 19 அன்று தீர்ப்பு. அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, ஏன் பிடித்தோம் என்ற காரணத்தை நீதிமன்றத்தில்கூடச் சொல்லக் கூடாது என்றது. அது செல்லாது என்று ஆறு நீதிபதிகளும் சொன்னார்கள். ஆனால் பெரும்பான்மை, மீதிச் சட்டம் நிற்கும் என்றது. மனு தள்ளுபடி. பக் சரிசெய்யப்பட்டது, ஆள் உள்ளேயே. ஃபசல் அலி எழுதிய மாறுபட்ட தீர்ப்பின் பார்வை 1970இலும் 1978இன் மேனகா காந்தி வழக்கிலும் நாட்டின் சட்டமாகவே ஆனது. கோபாலனின் தோல்வி மற்றவர்களுக்கு உதவியது என்று சட்டப் பேராசிரியர்கள் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அதைச் சொல்கிற உரிமை உள்ளே இருந்தவருக்குத்தான் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே இருந்து சொன்னால் கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது.

*

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவன். நமக்குத் தெரிந்த இன்னொரு நீதிக்கதை பாண்டியனுடையது. தவறு தெரிந்த கணத்தில் உயிர் விட்டவன். இரண்டு பேரும் ராஜாக்கள். அதிகாரம் முழுவதும் அவர்கள் கையில். நினைத்தால் கொடுக்கலாம், தவறினால் சாகலாம். நம்முடைய நீதிக் கற்பனை முழுக்கவே செங்கோலைப் பிடித்திருப்பவனைப் பற்றியது. செங்கோல் வேறு ஒருவனிடம் இருக்க, நியாயத்தை மட்டும் பார்க்கச் சொல்லி உட்கார்த்திவைக்கப்பட்ட ஆளுக்கு நம்மிடம் கதை இல்லை. அதனால்தான் நீதிபதி “எனக்கு அதிகாரம் இல்லை” என்றதும் நமக்கு அது கோழைத்தனமாகவே கேட்கிறது. மனுநீதிச் சோழன் பசுவிடம் “நீ மேல்முறையீடு செய்துகொள்” என்று சொல்வதை யாரால் கற்பனை செய்ய முடியும்?

அமெரிக்கர்களிடம் அந்தக் கதை இருக்கிறது, அவர்களுடைய அடிமை முறையின் உபயத்தில். மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா அடிமை முறையை வெறுத்தவர். 1836இல், தெற்கிலிருந்து எஜமானி கூட்டிவந்த மெட் என்ற ஆறு வயதுச் சிறுமியை ஆட்கொணர்வு மனுவில் விடுவித்தவர். அதே ஷாவிடம் 1851 ஏப்ரலில் தாமஸ் சிம்ஸ் வழக்கு வந்தது. ஜார்ஜியாவிலிருந்து தப்பி வந்த இளைஞன். மெட் தப்பி வந்தவள் அல்ல, எஜமானியே கூட்டிவந்தவள். தப்பி வந்தவர்களைத் திருப்பித் தர வேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பிலேயே இருந்தது. கூட்டம் உள்ளே வராமலிருக்க நீதிமன்றத்தைச் சுற்றிச் சங்கிலி கட்டியிருந்தார்கள். தலைமை நீதிபதியே அதன் கீழ் குனிந்துதான் உள்ளே போனார். மனுவை மறுத்தார். சிம்ஸை விடிவதற்குள் கப்பலேற்றி சவான்னாவுக்குக் கொண்டுபோய் ஊர் பார்க்கச் சவுக்கால் அடித்தார்கள்.

ராபர்ட் கவர் என்ற சட்ட அறிஞர் 1975இல் இந்த நீதிபதிகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். மனசாட்சி ஒரு பக்கமும் சட்டம் ஒரு பக்கமும் இழுக்கும்போது அவர்களுக்கு இருந்த வழிகள் குறைவு. சட்டத்தின்படி செய்யலாம், மனசாட்சிப்படி செய்யலாம், ராஜினாமா செய்யலாம், சட்டம் வேறு மாதிரி இருப்பதாக நடிக்கலாம். பெரும்பாலோர் முதலாவதைச் செய்தார்கள். கவர் கவனித்தது அதற்கடுத்த விஷயத்தை. அப்படிச் செய்தவர்கள், சட்டத்தை அது இருப்பதைவிட இறுக்கமானதாகக் காட்டினார்கள். இது இயந்திரம், நான் வெறும் கை என்றார்கள். பொறுப்பை வேறு எங்கோ தள்ளினார்கள். அனுப்பாவிட்டால் நாடே உடைந்துவிடும் என்று பெரிதுபடுத்தினார்கள். சிம்ஸுக்காக அல்ல, தங்களுக்காக.

இதைப் படித்த இரவு என் டிக்கெட்டின் வாக்கியம் மறுபடி ஞாபகம் வந்தது. சிஸ்டம் வடிவமைக்கப்பட்டபடியே இயங்குகிறது.

அந்த வாக்கியம் நம் நாட்டில் அதன் உச்சத்தைத் தொட்டது 1976 ஏப்ரல் 28இல். நெருக்கடி நிலையில் மிசாவில் பிடித்தவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாமா என்பது கேள்வி. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் போடலாம் என்று சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் ஐந்து பேரில் நான்கு பேர் கூடாது என்றார்கள். அதில் ஒருவரான நீதிபதி பெய்க், காவலில் இருப்பவர்களுக்கு நல்ல இருப்பிடமும் சாப்பாடும் தந்து அரசு கிட்டத்தட்டத் தாயைப் போல அக்கறை காட்டுவதாக எழுதினார். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளை அடித்திருந்தார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அடுத்த ஜனவரியில் இறந்தே போனார். பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அதை விசாரித்தது.

ஷாவின் கை கட்டப்பட்டிருந்தது என்றாவது சொல்லலாம். இந்த நான்கு பேர் விஷயத்தில் அதைச் சொல்ல முடியாது. கீழே ஒன்பது நீதிமன்றங்கள் அந்தக் கட்டு இல்லை என்று கண்டுபிடித்திருந்தன. பக்கத்து நாற்காலியில் எச்.ஆர். கன்னா இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தார். கன்னா அதற்கு விலை கொடுத்தார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பெய்க்கைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள், கன்னா ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பைத் தவறு என்று முறைப்படி தூக்கிப்போட 2017 வரை ஆனது.

ஆகவே ‘அதிகாரம் இல்லை’ என்பதில் உண்மையானதும் உண்டு, வசதியானதும் உண்டு. கேட்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் ஒலிக்கும். எப்படிப் பிரித்தறிவது? உண்மையிலேயே கை கட்டப்பட்டவர் கட்டைக் காட்டுவார், யார் கட்டினார்கள் என்பதைச் சொல்வார், அவிழ்க்கக்கூடியவர் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்றும் சொல்வார் என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து அத்தையிடம் சொன்னேன்.

“பேச்சு நல்லா இருந்தா கதவு தொறந்துடுமா?” என்றார்.

திறக்காது. என்னிடம் பதில் இருக்கவில்லை.

*

2024 ஜனவரி 8 அன்று எனக்கு இன்னொரு அடி விழுந்தது, இந்த முறை சந்தோஷத்தின் வடிவில். பில்கிஸ் பானு வழக்கு. 2002 குஜராத் கலவரத்தில் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நடந்ததை இங்கே மறுபடி எழுத வேண்டாம். ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரையும் குஜராத் அரசு 2022 சுதந்திர தினத்தன்று விடுவித்திருந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, இரண்டு வாரத்துக்குள் சிறைக்குத் திரும்பச் சொன்னது. நான் துள்ளிக் குதித்தேன். அத்தைக்கு போன் போட்டுச் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார். பிறகு, “எதனாலப்பா திருப்பி அனுப்பனாங்க?” என்று கேட்டார்.

விளக்கினேன். வழக்கு நடந்தது மும்பையில், தண்டனை கொடுத்ததும் அங்கேதான். அதனால் விடுவிக்கிற முடிவை எடுக்க வேண்டியது மகாராஷ்டிர அரசு. குஜராத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு: “இதையேதானே அந்தம்மாக்கும் சொன்னாங்க, இங்க அதிகாரம் இல்ல, அங்க போன்னு? அன்னிக்கு அந்தக் குதி குதிச்ச.”

நான் இரண்டும் வேறு என்று ஆரம்பித்தேன். குற்றம் வேறு. உள்ளே இருந்த வருடங்கள் வேறு. குஜராத் விஷயத்தில் நீதிமன்றத்திடம் உண்மைகளை மறைத்தே உத்தரவு வாங்கியிருந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் என் சந்தோஷத்துக்கு அவை காரணம் இல்லை. என் மனம் முதலிலேயே யார் வெளியே இருக்க வேண்டும், யார் உள்ளே இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது. அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி, என் முடிவுக்கு ஒத்துவந்தால் சட்டத்தின் ஆட்சி. ஒத்துவராவிட்டால் வெறும் டெக்னிக்கல் காரணம்.

2022 நவம்பர் 11 அன்று நளினியையும் மற்ற ஐவரையும் உச்ச நீதிமன்றத்தில் விடுவித்தவர்கள் நீதிபதிகள் பி.ஆர். கவாய், பி.வி. நாகரத்னா. பில்கிஸ் பானு வழக்கில் அந்தப் 11 பேரைத் திருப்பி அனுப்பியவர்கள் நாகரத்னா, உஜ்ஜல் புயான். ஒரே நீதிபதியின் பேனா ஒரு முறை கதவைத் திறந்தது, பதினான்கு மாதம் கழித்து இன்னொரு கதவை மூடியது. இரண்டாவது தீர்ப்பில், அவர்கள் மறுபடி சிறைக்குப் போகத்தான் வேண்டுமா என்பதைத் தனிக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை வருடம் வெளியே இருந்துவிட்டார்கள், அந்தச் சுதந்திரத்தை எடுப்பதா என்று கேட்டு, சட்டம் மீறிக் கிடைத்த சுதந்திரத்தைச் சட்டத்தால் காக்க முடியாது என்று விடை சொன்னார்கள். வயதான அம்மா, அறுவடை, அறுவை சிகிச்சை என்று காரணம் சொல்லி அவகாசம் கேட்டதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜனவரி 21 இரவு கோத்ரா சிறையில் 11 பேரும் சரணடைந்தார்கள். அவர்களுக்கும் வெளியே இருந்துவிட்டு உள்ளே போகிற அந்த ஒரு நிமிடம் இருந்திருக்கும். எனக்கு அவர்கள் மேல் இரக்கம் வரவில்லை. ஆனால் அந்தத் தனிக் கேள்வியை நீதிபதிகள் எழுதி வைத்தது நல்லது என்று தோன்றியது. திருப்பி அனுப்பப்படுவது ஆள் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது.

அப்படியானால் 2022 ஜூன் உத்தரவு? சரியான உத்தரவு என்றுதான் இப்போது நினைக்கிறேன். சென்னையில் ஒரு நீதிபதி நியாயம் கருதி இல்லாத அதிகாரத்தை எடுத்திருந்தால், வேறு ஊரில் வேறு ஒருவர் தன் நியாயம் கருதி அதையே எடுப்பார். அவர் நியாயம் மாலையோடு நிற்கும். நளினி அப்போது பரோலில் காட்பாடி பக்கம் பிரம்மபுரத்தில் இருந்தார் என்பதால் அந்த ஐந்து மாதம் சுவருக்குள் கழியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய வருடங்கள் சுவருக்குள்தான் கழிந்தன. அமைச்சரவை முடிவிலிருந்து விடுதலை வரை நான்கு வருடம் இரண்டு மாதம். அந்தக் காலம் முழுக்க நீதிமன்றத்தில் பேசியவர்களுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்த இடம் பேசவே இல்லை. நான் கோபப்பட்டது பேசியவர்கள் மேல். ஏனென்றால் அவர்கள் முகம்தான் தெரிந்தது, அவர்கள் பெயர்தான் உத்தரவில் இருந்தது. கையெழுத்துப் போடாதவனின் பெயர் எந்த உத்தரவிலும் வராது. என் டிக்கெட்டிலும் கீழே என் பெயர் இருந்தது. விதிவிலக்கு தரக்கூடிய அந்த அதிகாரியின் பெயர் அதில் இல்லை, நான்தான் எழுதவில்லையே.

*

நவம்பர் 12 அன்று நளினி வெளியே வந்தார் என்று சொல்கிறோம். உண்மையில் அன்று அவர் முதலில் உள்ளே போக வேண்டியிருந்தது. பரோலில் இருந்தவரை விடுவிக்க வேண்டுமானால் அவர் சிறைக்குத் திரும்பி, காகிதங்கள் முடிந்து, அங்கிருந்துதான் வர வேண்டும். போனார், வந்தார். பிறகு மத்திய சிறைக்குப் போய்க் கணவர் முருகனைப் பார்த்தார். அதே உத்தரவில் விடுதலையானவர் அவர். ஆனால் இலங்கைக்காரர். முருகனையும் சாந்தனையும் போலீஸ் வண்டியில் ஏற்றி, திருச்சியில் இருக்கும் சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முகாம் என்பது பெயர். அன்றைய வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் வைத்திருந்த இடம், அனுமதி இல்லாமல் வெளியே வர முடியாது. அதற்கும் காகிதம் இருந்தது.

சாந்தன் ஊருக்குப் போக வேண்டும், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உயர் நீதிமன்றத்துக்கும் போனார். அனுப்புவதற்கான அனுமதி 2024 பிப்ரவரியில் ஒருவழியாக வந்தபோது கல்லீரல் நோய் முற்றி, சென்னை மருத்துவமனையில் இருந்தார். பிப்ரவரி 28 காலையில் இறந்தார். உடல் யாழ்ப்பாணம் போனது.

அத்தை வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்றேன். சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் கேட்டார்.